டிரம்மை எடுத்து டிஸ்க் போட்ட பிறகு முன்சக்கரம் சூடாகிப் பிடிக்குது, பெடலும் தொய்வா இருக்கு

மண்தடம்:

நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக்கோட வந்த பழைய ஃபோர்-வீல் டிரைவ் வண்டி. முன்னும் பின்னும் சாலிட் ஆக்சில், லீஃப் ஸ்பிரிங், டீசல் எஞ்சின், 15 இன்ச் ரிம். முன்பக்கம் மட்டும் டிஸ்க்குக்கு மாத்தியாச்சு. இப்போ மூணு கோளாறு இருக்கு. மூணுக்கும் காரணம் ஒண்ணா, தனித்தனியான்னு பிடிபடலை.

இப்போ வண்டியில இருக்கிறது: முன்னால 54 மி.மீ. ஒற்றை பிஸ்டன் ஃப்ளோட்டிங் கேலிப்பர் (பேடை டிஸ்க்குல அழுத்துற பாகம்), வென்டிலேட்டட் ரோட்டர் (சக்கரத்தோட சுத்துற டிஸ்க்), புது ரப்பர் ஹோஸ். பின்னால பழைய டிரம்மே, வீல் சிலிண்டர் (டிரம்முக்குள்ள ஷூவைத் தள்ளுறது) 22.2 மி.மீ. மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதிச்சா லைனுக்கு ஆயிலைத் தள்ளுறது) டிரம் காலத்து 25.4 மி.மீ. இரட்டை சர்க்யூட்தான், மாத்தலை. அதுக்கும் ஃபயர்வாலுக்கும் நடுவுல புதுசா வேக்குவம் பூஸ்டர் (கால் விசையைப் பெருக்குறது) சேர்த்திருக்கு. வேக்குவம் ஆல்டர்னேட்டர் பின்னால இருக்கிற பம்ப்பிலிருந்து வருது. பெடல் ரேஷியோ (பெடல் நகர்ற தூரத்துக்கும் அது தள்ளுற ராடு நகர்ற தூரத்துக்கும் உள்ள விகிதம்) அளந்ததில் 5.5. ஆயில் டாட் 4.

முதல் கோளாறு: காலையில எடுக்கும்போது சக்கரம் ஃப்ரீயா சுத்துது. பிரேக் போட்டு ஓட்ட ஓட்ட, 6-8 கி.மீ.க்குள்ள ரெண்டு முன்சக்கரமும் பிடிக்க ஆரம்பிக்குது. பெடல் மேலேறி கல்லு மாதிரி ஆயிடுது. அரைமணி நேரம் நிறுத்தி வெச்சா தானா விட்டுடுது.

ரெண்டாவது: ஆறின நிலையில பெடல் தொய்வு. ஒன்றரை லிட்டர் ஆயில் விட்டு ஏர் எடுத்தாச்சு, ஏர் வெளியேத்துற நிப்பிள்ல குமிழ் வர்றதில்லை. ஆனாலும் ரெண்டு மூணு தடவை மிதிச்சாதான் பெடல் மேல வருது.

மூணாவது: ஜல்லி கிடக்கிற இறக்கத்துல பின்சக்கரம் முந்திக்கிட்டு லாக் ஆகுது.

கேலிப்பர், பேட் எல்லாம் புதுசு. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

அச்சாணி:

முதல் கோளாறுக்கு மட்டும் சொல்றேன், ஏன்னா ஆபத்தானது அதுதான். அது சரியாகிற வரைக்கும் வண்டியை ரோட்டுல எடுக்காதீங்க. ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல பிடிக்குது, சூட்டோட ஏறுது, ஆறினா விடுது. இது கேலிப்பர் நழுவி நகர்ற ஸ்லைடு பின் காய்ஞ்சதால வர்ற கோளாறு இல்லை. அப்படி இருந்தா பெரும்பாலும் ஒரு பக்கம்தான் பிடிக்கும். இங்கே ஆயில் ரிசர்வாயருக்குத் திரும்ப வழியில்லாம லைன்ல மாட்டிக்கிட்டு இருக்கு. சூடாகும்போது ஆயில் விரியுது, போக இடமில்லை, பிஸ்டனைத் தள்ளுது. அது இன்னும் சூட்டைக் கிளப்புது.

எங்கே மாட்டுதுன்னு கண்டுபிடிக்க வழி இருக்கு. ஆனா வரிசை முக்கியம். பலர் எடுத்த எடுப்புல கேலிப்பர் நிப்பிளைத் திறந்துடுவாங்க. சக்கரம் விட்டுடும், கோளாறு ஹைட்ராலிக்னு மட்டும் தெரியும், எந்த இடம்னு தெரியாது. தடயம் முழுக்க அந்த நிப்பிள் வழியா போயிடும். அதனால மாஸ்டர் பக்கத்திலிருந்து சக்கரத்தை நோக்கி வாங்க.

சமதளத்துல பின்சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை கொடுத்து, முன்பக்கம் ஆக்சிலுக்கு அடியில ஸ்டாண்டு வெச்சுத் தூக்கிடுங்க. ஜாக்கியை மட்டும் நம்பாதீங்க. கோளாறு வர்ற வரைக்கும் எஞ்சினை ஓடவிட்டு பெடலைத் திரும்பத் திரும்ப மிதிச்சு, சக்கரம் கையால சுத்த முடியாத நிலைக்குக் கொண்டு வாங்க. தூக்கின நிலையில வரலைன்னா, ஆள் நடமாட்டமில்லாத இடத்துல மெதுவா ஓட்டி, பிடிச்சதும் அங்கேயே தூக்குங்க. ரோட்டர் கொதிக்கும், தொடாதீங்க.

எஞ்சினை நிறுத்தி பூஸ்டர்ல இருந்து வேக்குவம் ஹோஸைக் கழட்டுங்க. உடனே சக்கரம் விட்டுச்சுன்னா பூஸ்டர் தானாவே அழுத்துது. பெடல் பக்கத்து ராடு நீளமா இருந்து உள்ளே இருக்கிற வால்வை லேசா திறந்தே வெச்சிருக்கும். அப்படி இருந்தா இன்னொரு அடையாளமும் இருக்கும்: எஞ்சின் ஸ்டார்ட் ஆன உடனேயே சக்கரம் இறுகும், சூடு ஏற வேண்டியதில்லை.

விடலைன்னா, மாஸ்டர் சிலிண்டரை பூஸ்டரோட பிடிச்சிருக்கிற ரெண்டு நட்டையும் தளர்த்தி, மாஸ்டரை 3 மி.மீ. முன்னால வாங்குங்க. பைப் அந்த அளவுக்கு வளைஞ்சு கொடுக்கும். இப்போ சக்கரம் விட்டா, பூஸ்டர் புஷ் ராடு நீளம். மாஸ்டர் பிஸ்டன் முழுசா பின்னால வரமுடியாம, ரிசர்வாயருக்குப் போற சின்ன காம்பன்சேட்டிங் துளை மூடியே கிடக்குது. பூஸ்டர் புதுசா சேர்த்திருக்கீங்கன்னு சொன்னதால என் முதல் சந்தேகம் இதுதான்.

அப்பவும் விடலைன்னா மாஸ்டர்ல முன் லைன் பைப் நட்டைத் துணி சுத்தி மெல்லத் தளர்த்துங்க. ஆயில் சின்னதா பீய்ச்சிட்டு சக்கரம் விட்டா, தடை மாஸ்டருக்குள்ளேயே இருக்கு. அங்கேயும் விடலைன்னா பைப்பும் ஹோஸும் சேர்ற இடம். அதுக்கும் மசியாம நிப்பிள்ல மட்டும் விட்டா, ஹோஸ் உள்ளே அடைச்சிருக்கு அல்லது முறுக்கி மாட்டியிருக்கு. நிப்பிளைத் திறந்தும் சக்கரம் இறுக்கமாவே இருந்தா மட்டும்தான் கேலிப்பர், ஸ்லைடு பின், பிராக்கெட் பக்கம் போகணும்.

மாஸ்டருக்குள்ள என்ன தடைன்னு கேட்டா, டிரம்முக்கான பல மாஸ்டர்கள்ல பைப் உட்காரும் பித்தளை சீட்டுக்குப் பின்னால ரெசிடுவல் வால்வு இருக்கும். சின்ன ரப்பரும் ஸ்பிரிங்கும்தான். லைன்ல 0.7 பார் அளவுக்கு அழுத்தம் நிக்க வைக்கிறது அதோட வேலை. டிரம்ல ஷூவை இழுக்க பலமான ஸ்பிரிங் இருக்கு, அதனால 0.7 பார் ஒண்ணும் பண்ணாது. டிஸ்க்குல பேடை இழுக்க ஸ்பிரிங் கிடையாது. பிஸ்டன் சீல் திருகி நிமிர்ற அளவுக்குத்தான் பேட் பின்வாங்கும். 54 மி.மீ. பிஸ்டனோட பரப்பு 2290 சதுர மி.மீ. 0.7 பார்னா 160 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 16 கிலோ எடை வெச்சு பேடை அழுத்தினபடியே ஓட்டுற மாதிரி. சூடு ஏறாம என்ன செய்யும்?

பெடல்ல கால் வைக்கிறதுக்கு முன்னாடி பிரேக் லைட் சுவிட்சையும் பாருங்க. அதை ரொம்ப உள்ளே திருகியிருந்தா பெடலை முழுசா மேலே வரவிடாது. புஷ் ராடு நீளமா இருந்தா என்ன ஆகுமோ அதேதான் ஆகும்.

காற்றுக்குமிழ்:

ரெண்டாவது கோளாறுக்கு வர்றேன். "தொய்வு"ங்கிற ஒரே வார்த்தையில ரெண்டு வேறு விஷயம் ஒளிஞ்சிருக்கு. முதல்ல அதைப் பிரிச்சுக்கணும்.

ரெண்டு மூணு தடவை வேகமா மிதிச்ச பிறகு பெடல் மேல வந்து கெட்டியா நிக்குதா? அப்போ காற்று இல்லை. எங்கேயோ இடைவெளி அதிகம். பின் டிரம் ஷூ தள்ளி நிக்குது, இல்லைன்னா முன் பேடை ரோட்டர் தள்ளிவிடுது. மேல வந்தும் காலுக்கடியில ரப்பர் மாதிரி அமுங்குதா? அப்போ காற்று உள்ளே இருக்கு.

காற்றுன்னா முதல்ல பார்க்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு: கேலிப்பர்ல நிப்பிள் எந்தப் பக்கம் நிக்குது? அது கேலிப்பரோட உச்சியில இருக்கணும். இடது கேலிப்பரை வலதுலயும் வலதை இடதுலயும் மாட்டினா போல்ட் எல்லாம் அச்சா பொருந்தும், பேடும் உட்காரும், ஆனா நிப்பிள் கீழே போயிடும். அப்புறம் பத்து லிட்டர் ஆயில் விட்டாலும் மேல தேங்கின காற்று வராது. நிப்பிள்ல குமிழ் வரலைங்கிறது காற்று இல்லைங்கிறதுக்கு அத்தாட்சி ஆகாது. கன்வர்ஷன் கிட்கள்ல இது அடிக்கடி நடக்கிற தவறு. ஆக்சிலுக்கு முன்னால வர்ற கேலிப்பரை பின்னால வர்ற பிராக்கெட்ல மாட்டினாலும் இதே கதைதான்.

நிப்பிள் உச்சியில இருந்தும் தொய்வுன்னா எந்தப் பக்கம்னு பிரிக்கணும். உருண்டை விளிம்புள்ள ஹோஸ் கிளாம்ப் மூணு எடுத்துக்குங்க: முன்னால ரெண்டு ஹோஸ், பின் ஆக்சிலுக்குப் போற ஒரு ஹோஸ். மூணையும் இறுக்கி பெடலை மிதிங்க. பெடல் உயரத்துல கல்லு மாதிரி நின்னா மாஸ்டரும் பைப்பும் நல்லா இருக்கு. அப்பவும் அமுங்கினா மாஸ்டர்லயே காற்று. பிறகு ஒவ்வொரு கிளாம்ப்பா எடுங்க. எதை எடுத்ததும் பெடல் சரியுதோ கோளாறு அந்தப் பக்கம். வெறும் கட்டிங் பிளேயரால ஹோஸை நசுக்காதீங்க, உள் சுவர் கிழிஞ்சு அதுவே பின்னாடி அடைப்பாகும். ஸ்டீல் வலை போட்ட ஹோஸ்ல கிளாம்ப்பே கூடாது.

பின் டிரம்மை மறந்துடாதீங்க. ஏர் எடுக்கிறதுக்கு முன்னாடியே ஷூவை அட்ஜஸ்ட் பண்ணி, டிரம் லேசா உரசுற வரைக்கும் கொண்டு வந்து, ஒரு பல் தளர்த்தி விடணும். டிஸ்க் மாத்துற வேலையில முன்பக்கத்துல மட்டும் கவனம் போய் இது விட்டுப்போறது வழக்கம்.

இன்னொரு சோதனை. பிரேக் மிதிச்சு பெடலை மேல கொண்டு வந்துட்டு, தூக்கி நிறுத்தின முன்சக்கரத்தை மேலும் கீழும் பிடிச்சு பலமா ஆட்டுங்க. அடுத்து மிதிக்கும்போது பெடல் தாழ்ந்து, ரெண்டாவது மிதில சரியானா வீல் பேரிங்ல ஆட்டம் இருக்கு. ரோட்டர் சாய்ஞ்சு பேடை உள்ளே தள்ளுது. மேடுபள்ளத்துல ஏறி இறங்கின பிறகு முதல் மிதி ஆழமா போறதுக்கு இதுவே காரணம். டிரம்ல இருந்தவரை இந்த ஆட்டம் பெடல்ல தெரியாது, அதனால வருஷக்கணக்கா யாரும் கவனிச்சிருக்க மாட்டாங்க.

மண்தடம்:

ரெண்டு பேருக்கும் நன்றி அண்ணா. சொன்ன வரிசையிலேயே பார்த்தாச்சு.

சூட்டுல பிடிச்ச நிலையில வேக்குவம் ஹோஸை எடுத்தேன், மாற்றமில்லை. மாஸ்டர் நட்டு தளர்த்தி 3 மி.மீ. முன்னால வாங்கினதும் பாதி விட்டுச்சு. சக்கரம் கையால சுத்துது, ஆனா பேட் உரசுற சத்தமும் கனமும் இருக்கு. அப்புறம் முன் பைப் நட்டைத் தளர்த்தினதும் கொஞ்சம் பீய்ச்சி, முழுசா ஃப்ரீ. பிரேக் லைட் சுவிட்ச்ல இடைவெளி இருக்கு.

நிப்பிள் ரெண்டு பக்கமும் கீழ்ப்பாதியில, கடிகாரத்துல 5 மணி இருக்கிற இடத்துல நிக்குது. இடது சக்கரத்தை ஆட்டினா பெடல் தாழுது, வலதுல இல்லை.

மாஸ்டரை மாத்தணுமா, வால்வை மட்டும் எடுத்தா போதுமா? மாஸ்டரோட போர் (உள்விட்டம்) அளவைக் குறைக்கணும்னும் சிலர் சொல்றாங்க.

அச்சாணி:

பாதி விட்டது, மீதி பைப் நட்டுல விட்டதுன்னா ரெண்டு கோளாறும் சேர்ந்தே இருக்கு. புஷ் ராடு நீளம், ரெசிடுவல் வால்வும் உண்டு. ஒண்ணை மட்டும் சரி பண்ணியிருந்தா "குறைஞ்சிருக்கு ஆனா போகலை"ன்னு அலைய வேண்டி வந்திருக்கும்.

வால்வு இருக்கான்னு உறுதி பண்ண, பைப்பைக் கழட்டி முனை மழுங்கின மெல்லிய கம்பியை அந்தத் துளைக்குள்ள மெதுவா விடுங்க. சீட்டைத் தாண்டினதும் மெத்துன்னு ரப்பர் தட்டினா வால்வு. தட்டுப்படாம போனா வால்வு இல்லை. அதுக்கு மேல குத்தாதீங்க.

எடுக்கிறதுன்னா பித்தளை சீட்டோட ஓட்டையில ஒரு செல்ஃப்-டாப்பிங் ஸ்க்ரூவை ஏத்தி, ஸ்க்ரூ தலையைப் பிடிச்சு நெம்பினா சீட் வரும். பின்னாலேயே ஸ்பிரிங்கும் ரப்பரும் வரும். அவை இல்லாம புது சீட்டை அடிச்சு உட்கார வைக்கணும். பழைய சீட்டைத் திரும்பப் போட்டா பைப் ஃப்ளேர் (விரிச்ச பைப் முனை) கசியும். பித்தளைத் துகள் ஒண்ணு உள்ளே நின்னாலும் சீலைக் கீறும். அதனால மாஸ்டரை முழுசாப் பிரிச்சுக் கழுவாம இந்த வேலை முடியாது.

என் முடிவு: மாஸ்டரையே மாத்துங்க. முன் டிஸ்க், பின் டிரம்முக்குன்னு வர்ற 25.4 மி.மீ. இரட்டை சர்க்யூட் மாஸ்டர். வால்வுக்காக மட்டும் சொல்லலை, ரிசர்வாயருக்காகவும் சொல்றேன். ஃப்ளோட்டிங் கேலிப்பர்ல ரெண்டு பேடும் தலா 8 மி.மீ. தேய்ஞ்சா பிஸ்டன் 16 மி.மீ. வெளியே வந்திருக்கும். 2290 சதுர மி.மீ. பரப்புக்கு அது ஒரு சக்கரத்துக்கு 37 மி.லி., ரெண்டுக்கும் 73 மி.லி. கிட்ட. டிரம் மாஸ்டரோட சின்ன அறையில அவ்வளவு ஆயில் இருக்காது. கசிவே இல்லாம ஒருநாள் அறை காலியாகி காற்று இழுக்கும். டிஸ்க் மாஸ்டர்ல முன்பக்க அறை பெரிசா இருக்கிறது இதுக்குத்தான். எந்த அறை எந்த போர்ட்டுக்குன்னு பார்த்துப் பைப் மாட்டுங்க.

பின் லைன்ல ரெசிடுவல் வால்வு தேவையா என்பது வீல் சிலிண்டரைப் பொறுத்தது. உள்ளே கப் ரப்பருக்குப் பின்னால ஸ்பிரிங்கோட சேர்ந்த தட்டு, கப் எக்ஸ்பேண்டர், இருந்தா வால்வு வேண்டாம். வெறும் ஸ்பிரிங் மட்டும்னா பின்னுக்கு வால்வு இருக்கட்டும். மாஸ்டர் ஃபயர்வால்ல, கேலிப்பரைவிட உயரத்துல இருக்கிறதால முன்னுக்கு எந்த வால்வும் தேவையில்லை. தரைக்கு அடியில மாஸ்டர் இருக்கிற வண்டிகளுக்கு மட்டும்தான் டிஸ்க் லைன்ல 0.14 பார் வால்வு போடுவாங்க, ஆயில் பின்னோக்கி இறங்காம இருக்க.

புஷ் ராடுக்கு: மாஸ்டரோட ஃப்ளேஞ்ச் முகத்திலிருந்து பிஸ்டன் குழியோட அடி வரைக்கும் ஆழத்தை வெர்னியர்ல அளங்க. பூஸ்டர் முகத்திலிருந்து ராடு எவ்வளவு நீட்டிக்கிட்டு இருக்குன்னு அளங்க. நடுவுல கேஸ்கெட் இருந்தா அதோட தடிமனையும் கணக்குல சேர்க்கணும். ராடு 0.5 மி.மீ. குறைவா இருக்கணும். வெர்னியர் கைக்கு வராட்டி, ராடு முனையில சின்ன உருண்டை மாடலிங் களிமண் வெச்சு, மாஸ்டரை மாட்டி நட்டை இறுக்கி, கழட்டிப் பாருங்க. நசுங்கி மிஞ்சின களிமண்ணோட தடிமன்தான் இடைவெளி. முழுசா பிதுங்கி உலோகம் தெரிஞ்சா ராடு நீளம். பூஸ்டருக்கான கையேடு வேற அளவு சொன்னா அதையே பின்பற்றுங்க. இடைவெளியை ரொம்ப அதிகமா விட்டாலும் பெடலோட பயணம் வீணாகும்.

மாட்டின பிறகு ரிசர்வாயர் மூடியைத் திறந்து பெடலைக் கையால லேசா அமுக்கச் சொல்லுங்க. முதல் ஒண்ணு ரெண்டு மி.மீ.யிலேயே ஆயில் மேற்பரப்புல ஒரு சின்ன சுழிப்போ பீய்ச்சலோ தெரியணும். தெரிஞ்சா காம்பன்சேட்டிங் துளை திறந்திருக்கு. முகத்தை நேரா மேல வெச்சுப் பார்க்காதீங்க. பெயின்ட்ல சிந்தினா உடனே தண்ணி ஊத்திக் கழுவுங்க, இல்லைன்னா உரிஞ்சுடும்.

காற்றுக்குமிழ்:

கேலிப்பரை இடம் வலம் மாத்துங்க. ஹோஸ் நுழையுற கோணமும் மாறும், அதனால ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் முழுசாத் திருப்பி, ஆக்சிலை முழுசாத் தொங்கவிட்டு, ஹோஸ் இழுபடலை, டயர்ல உரசலைன்னு பாருங்க. ஹோஸைக் கேலிப்பரோட சேர்க்கிற பாஞ்ஜோ போல்ட்ல ஹோஸ் முனையோட ரெண்டு பக்கமும் புது செம்பு வாஷர். ரிம் போட்டு ஒரு சுத்து கையால சுத்திப் பாருங்க. கேலிப்பருக்கும் ரிம் உள்சுவருக்கும் எங்கேயும் 3 மி.மீ.க்குக் குறையக்கூடாது, 15 இன்ச் ரிம்ல இது நெருக்கமா வரும்.

ரோட்டரைக் கழட்டி ஹப் முகத்துல இருக்கிற துருவைச் சுத்தமா எடுங்க. இடது பேரிங்கைப் பிரிச்சு ரோலரும் கப்பும் குழி விழாம இருக்கான்னு பார்த்து, கையேட்டுல சொன்னபடி செட் பண்ணுங்க. அவ்வளவு சூட்டுல கிரீஸ் உருகியிருக்கும், வலது பக்கமும் புது கிரீஸ் வேணும். பிறகு டயல் கேஜ் வெச்சு, ரோட்டர் விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே ரன்-அவுட் (சுத்தும்போது ரோட்டர் பக்கவாட்டுல ஆடுற அளவு) பாருங்க. 0.1 மி.மீ.க்குள்ள இருக்கணும். அதுக்கு மேல போனா ஹப்புல ரோட்டரை ஒவ்வொரு போல்ட் துளையா நகர்த்தி மாட்டிப் பாருங்க, பல நேரம் அதுலயே குறைஞ்சுடும்.

ஏர் எடுக்கும்போது புது மாஸ்டரை வைஸ்ல பிடிச்சு, ரெண்டு போர்ட்டிலிருந்தும் குழாய் ரிசர்வாயருக்கே திரும்புற மாதிரி வெச்சு, குமிழ் நிக்கிற வரைக்கும் மெதுவாத் தள்ளி முதல்ல அதுக்குள்ளேயே காற்றை எடுத்துடுங்க. வண்டியில மாட்டின பிறகு மாஸ்டருக்குத் தூரமான பின்சக்கரத்துல ஆரம்பிச்சு, கிட்ட இருக்கிற முன்சக்கரத்துல முடிங்க. கொதிச்ச பழைய ஆயில் ஒரு சொட்டும் மிஞ்சக்கூடாது.

போர் அளவு விஷயம். கணக்கு போட்டுப் பாருங்க. கேலிப்பர் பிஸ்டன் 0.5 மி.மீ. நகர ரெண்டு சக்கரத்துக்கும் 2290 கன மி.மீ. ஆயில் வேணும். 25.4 மி.மீ. போர்னா பரப்பு 507 சதுர மி.மீ., அதனால 4.5 மி.மீ. ஸ்ட்ரோக். பின்னால 22.2 மி.மீ. வீல் சிலிண்டர் பிஸ்டன் நாலும் தலா 1.5 மி.மீ. நகர்ந்தா இன்னொரு 4.6 மி.மீ. இரட்டை மாஸ்டர்ல ரெண்டும் கூடும்: 9.1 மி.மீ. பெடல் ரேஷியோ 5.5-ஆல பெருக்கினா கால்ல 50 மி.மீ. 22.2 மி.மீ. போருக்கு இறங்கினா அழுத்தம் 31 சதவீதம் கூடும், ஆனா அதே வேலைக்குப் பெடல் 65 மி.மீ. போகும். பூஸ்டர் ஒழுங்கா வேலை செய்யும்போது அதுக்கு அவசியமில்லை. பூஸ்டர் இல்லாத வண்டியில டிஸ்க் போட்டா 22.2-க்குப் போறது சரி. டிரம்ல ஷூ சுழற்சியில தானே இழுபட்டு இறுகும், டிஸ்க்குல அந்த உதவி கிடையாது, அழுத்தத்தாலேயே ஈடுகட்டணும்.

பூஸ்டர் வேலை செய்யுதான்னு பார்க்க: எஞ்சினை நிறுத்தி நாலஞ்சு தடவை மிதிச்சு வேக்குவத்தைத் தீர்த்துட்டு, பெடலை அழுத்திப் பிடிச்சபடி ஸ்டார்ட் பண்ணுங்க. பெடல் காலுக்கடியில கொஞ்சம் இறங்கணும். இறங்கலைன்னா செக் வால்வு திரும்பி மாட்டியிருக்கும், இல்லைன்னா ஹோஸ் உறிஞ்சி ஒட்டிக்கிட்டிருக்கும். சாதாரண டீசல் ஹோஸை வேக்குவத்துக்குப் போட்டா அப்படித்தான் ஆகும்.

சரிவுப்பாதை:

மூணாவது கோளாறைப் பத்தி யாரும் பேசலை. பின்சக்கரம் லாக் ஆகும்போது வண்டி டூ-வீல் டிரைவ்ல இருக்கா, ஃபோர்-வீல்ல இருக்கா? பார்ட்-டைம் டிரான்ஸ்ஃபர் கேஸ்ல (முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரிச்சுக் கொடுக்கிற பெட்டி) ஃபோர்-வீல் போட்டா முன்னும் பின்னும் ஒரே சுழற்சியில பூட்டியிருக்கும், பின் ஆக்சில் மட்டும் தனியா நிக்க முடியாது. அதனால டூ-வீல்லதான் நடந்திருக்கணும். அந்த நிலையில எஞ்சின் பிரேக்கிங் முழுக்கப் பின்சக்கரத்துக்குத்தான் போகுது. ஜல்லி இறக்கத்துல ஃபோர்-லோ (ஃபோர்-வீல் டிரைவோட லோ கியர்) போடுங்க, பாதிப் பிரச்சினை அங்கேயே அடங்கும்.

மீதிப் பாதி பேலன்ஸ். முன்பக்கம் டிரம்மோட சுய-இறுக்கம் போயிட்டது, பின்பக்கம் அப்படியே இருக்கு. போதாததுக்கு முன் பேட் சூட்டுல கண்ணாடி மாதிரி பளபளத்துப் போயிருக்கும். அதனால முன்பக்கம் சரியாகிற வரைக்கும் பின்னால எதையும் தொடாதீங்க. டிரம்மை ஒரு தடவை கழட்டி ஆக்சில் சீல்லிருந்து கியர் ஆயில் ஷூவுல இறங்கியிருக்கான்னு மட்டும் பாருங்க. ஆயில் பட்ட ஷூ சில நேரம் வழுக்கும், சில நேரம் சட்டுன்னு கவ்வும்.

அதுக்குப் பிறகும் பின்சக்கரம் முந்தினா எல்லாரும் அட்ஜஸ்டபிள் ப்ரபோர்ஷனிங் வால்வு போடச் சொல்வாங்க. தார் ரோட்டுல பலமா மிதிக்கிறதுக்கு அது நல்ல தீர்வு. ஆனா அது ஒரு குறிப்பிட்ட அழுத்தத்தைத் தாண்டின பிறகுதான் பின் லைனைக் கட்டுப்படுத்த ஆரம்பிக்கும். ஜல்லியில சக்கரம் லாக் ஆகுற அழுத்தமே குறைவு, பல நேரம் அந்த வரம்புக்குக் கீழேயே இருக்கும், வால்வு கைகட்டி நிக்கும். உங்க கோளாறு ஜல்லியிலதான். எனவே பின் வீல் சிலிண்டரை 22.2-லிருந்து 19 மி.மீ.க்கு இறக்குறது மேல். பரப்பு 387-லிருந்து 284 சதுர மி.மீ. ஆகும், பின் பிரேக் விசை கால் பங்குக்குக் கொஞ்சம் மேல குறையும், லேசா தொட்டாலும் பலமா மிதிச்சாலும் அதே விகிதம். ஒரு பக்கம் மட்டும் மாத்தாதீங்க. வண்டியில லோடு ஏத்தி ஓட்டுறதா இருந்தா, ஏத்தின நிலையிலயும் சோதிச்சுட்டு முடிவு பண்ணுங்க, ஏன்னா அப்போ பின் பிரேக் நிறையவே தேவைப்படும். வால்வு போட்டாலும் சரி, அது பின் லைன்ல மட்டும்தான்.

நட்டும்போல்ட்டும்:

புது மாஸ்டருக்குப் பைப் மாட்டும்போது ஒரு எச்சரிக்கை. பழைய வண்டிகள்ல பைப் நட் 3/8 இன்ச், இன்ச்சுக்கு 24 மரை. புது பாகங்கள்ல எம் 10, பிட்ச் 1 மி.மீ. முதலாவதோட விட்டம் 9.52, பிட்ச் 1.058. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். இன்ச் நட், மெட்ரிக் துளைக்குள்ள ரெண்டு மூணு சுத்து தாராளமாப் போகும், பிறகு இறுகும். ஸ்பேனர் போட்டு முறுக்கினா பிடிச்ச மாதிரியே இருக்கும், பலமா பிரேக் மிதிக்கிற அன்னைக்கு மரையோட வெளியே வந்துடும். கை விரலால அஞ்சாறு சுத்து ஆட்டமில்லாம ஏறினா மட்டும் ஸ்பேனர் எடுங்க. பைப் முனையும் பாருங்க: 45 டிகிரி டபுள் ஃப்ளேர் வேற, குமிழ் மாதிரி உருண்ட பபுள் ஃப்ளேர் வேற. ஒண்ணுக்கான சீட்டுல இன்னொண்ணு உட்காராது.

மண்தடம்:

எல்லாம் மாத்தி மாட்டியாச்சு. மாஸ்டர் 25.4 டிஸ்க்-டிரம் வகை, ராடு இடைவெளி 0.5 மி.மீ., ரன்-அவுட் இடது 0.06, வலது 0.04. பெடல் முதல் மிதியிலேயே கெட்டி, அளந்ததில் 55 மி.மீ. பயணம். 15 கி.மீ. ஓட்டி நிறுத்தி தூக்கிப் பார்த்தேன், ரெண்டு சக்கரமும் கையால சுத்துது. பின் வீல் சிலிண்டர் இன்னும் மாத்தலை. பேட் பளபளப்பா இருக்கு. தேய்ச்சுப் போடலாமா?

அச்சாணி:

பேட்ல விரிசலோ, தட்டிலிருந்து விலகலோ, ஓரம் பொடிஞ்சதோ தெரிஞ்சா புதுசு போடுங்க. வெறும் பளபளப்புன்னா சமதளத்துல எமரி காகிதம் விரிச்சு, எட்டு போடுற மாதிரி தேய்ச்சு மேல்பூச்சை எடுத்துடலாம். ரோட்டர் நீலம் பாஞ்சு புள்ளி புள்ளியா இருந்தா லேத்துல எடுக்கணும், ரோட்டர்ல பொறிச்சிருக்கிற குறைந்தபட்ச தடிமனுக்குக் கீழே போகாம. கேலிப்பரோட டஸ்ட் பூட் சூட்டுல விறைச்சிருந்தா சீல் கிட்டும் சேர்த்து மாத்துங்க. ஸ்லைடு பின்னுக்கு சிலிக்கோன் கிரீஸ் மட்டும்தான், சாதாரண கிரீஸ் ரப்பரை ஊத வைக்கும்.

அப்புறம் பேடைப் பழக்குங்க. காலியான ரோட்டுல மணிக்கு 60-லிருந்து 10 வரைக்கும் சீரா குறைச்சு, முழுசா நிக்காம, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரு நிமிஷம் ஓட்டி ஆறவிட்டு, எட்டு பத்து தடவை. முடிச்சதும் பிரேக் தொடாம பத்து நிமிஷம் ஓட்டி ஆறவைங்க. சூடா நிறுத்திப் பெடலை மிதிச்சுக்கிட்டு நின்னா பேட் பொருள் ஒரே இடத்துல ரோட்டர்ல ஒட்டும், பிறகு பெடல் அதிரும். இது முடிஞ்ச பிறகு அதே ஜல்லி இறக்கத்துல முதல்ல ஃபோர்-லோல, அப்புறம் டூ-வீல்ல இறக்கிப் பாருங்க. டூ-வீல்ல இன்னும் பின்சக்கரம் முந்தினா மட்டும் 19 மி.மீ. சிலிண்டரை வாங்குங்க. 500 கி.மீ. ஆனதும் பிராக்கெட் போல்ட்டை டார்க் ரெஞ்ச்சுல ஒரு தடவை சரிபார்த்துட்டு, பின் ஷூவையும் திரும்ப அட்ஜஸ்ட் பண்ணிடுங்க.